எவரெஸ்ட்டில் ஏறிய நெய்யூர் டாக்டர்

உலகத்திலேயே உயரமான மலைச் சிகரம் எவரெஸ்ட். அதன் உயரம் 29,032 அடி. நேபாளமும் திபெத்தும் சந்திக்கும் எல்லையில், இமயமலைத் தொடரில் அது நிற்கிறது.

1953-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி டென்சிங்கும் ஹில்லாரியும் அந்தச் சிகரத்தின் உச்சியில் கால் வைத்தார்கள். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம்.

அதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு டாக்டர், உச்சிக்குச் சுமார் 1,000 அடி மட்டுமே பாக்கி இருந்த இடம் வரை ஏறினார். அங்கிருந்து இறங்கும்போது தொண்டை அடைத்து, மூச்சு நின்று, சாவின் வாயில் இருந்து தப்பினார்.

அவர் இமயமலையில் இருந்து திரும்பிப் போனது லண்டன் நகரத்து மாளிகைக்கு அல்ல. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூருக்குத்தான் போனார். அங்கே ஏழை எளியவர்களுக்கு ஆபரேஷன் செய்வதிலேயே தம் வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழித்தார்.

அவர் பெயர் டாக்டர் தியோடர் ஹோவர்டு சாமர்வெல்.

செருப்புக் கம்பெனி வீட்டுப் பிள்ளை

சாமர்வெல் 1890-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். ஊரின் பெயர் கெண்டல். மலைகளும் ஏரிகளும் நிறைந்த வடக்குப் பகுதி அது.

அவருடைய குடும்பம் வசதியான குடும்பம். செருப்பும் பூட்சும் செய்யும் பெரிய கம்பெனி அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது. பிள்ளை வளர்ந்ததும் கம்பெனியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருந்தால், ஆயுள் முழுவதும் கவலை இல்லாமல் வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் சாமர்வெல்லின் மனம் வியாபாரத்தில் செல்லவில்லை. அவருக்கு மூன்று ஆசைகள். ஒன்று மலை ஏறுவது. மற்றொன்று படம் வரைவது. மூன்றாவது சங்கீதம். இந்த மூன்றும் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் விஞ்ஞானம் படித்து முதல் வகுப்பில் தேறினார். பிறகு லண்டனில் வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். விடுமுறை கிடைத்தால் போதும். நண்பர்களோடு கயிற்றையும் பனிக்கோடரியையும் எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவார்.

யுத்தகளத்தில் டாக்டர்

1914-ம் ஆண்டு முதலாவது உலக யுத்தம் மூண்டது. சாமர்வெல் ராணுவ வைத்தியப் பிரிவில் சேர்ந்து பிரான்சுக்கு அனுப்பப்பட்டார்.

1916-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி சோம் நதிக்கரையில் பயங்கரமான சண்டை தொடங்கியது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் ராணுவத்தில் 57,000-க்கும் அதிகமான பேர் மாண்டும் காயம் பட்டும் விழுந்தார்கள். அவர்களில் மாண்டவர்கள் மட்டும் 19,000-க்கும் மேல்.

காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்யும் முகாமில் சாமர்வெல் இருந்தார். வண்டி வண்டியாகச் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். படுக்க இடம் இல்லை. திறந்த வெளியில் புல் தரையிலேயே ஆயிரக்கணக்கான பேர் கிடத்தப்பட்டார்கள். டாக்டர்களோ விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

இரவு பகலாக ஆபரேஷன் நடந்தது. இடையிடையே டாக்டர்கள் வெளியே வந்து, யாரைக் காப்பாற்ற முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோரையும் காப்பாற்ற நேரமும் இல்லை, கையும் இல்லை.

அந்தக் கூட்டத்தின் நடுவே சாமர்வெல் நடந்து போனார். முதலில் என்னைப் பாருங்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பக்கத்தில் கிடக்கிறவருக்கு முதலில் இடம் கொடுத்துவிட்டு, வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

அந்தக் காட்சி அவருடைய நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு யுத்தம் என்ற பேச்சையே அவர் வெறுத்தார்.

எவரெஸ்ட் அழைத்தது

யுத்தம் முடிந்தது. சாமர்வெல் ரண சிகிச்சையில் உயர்ந்த பட்டம் பெற்றார். லண்டனில் நல்ல எதிர்காலம் காத்திருந்தது.

அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் எவரெஸ்ட் ஏறுவதற்கு ஒரு கோஷ்டி புறப்பட்டது. 1922-ம் ஆண்டு அது. ஜெனரல் புரூஸ் தலைவர். சாமர்வெல்லுக்கும் கோஷ்டியில் இடம் கிடைத்தது.

அப்போது நேபாளம் வெளிநாட்டாருக்குக் கதவைத் திறக்கவில்லை. ஆகவே டார்ஜிலிங்கில் இருந்து திபெத்தைச் சுற்றிக்கொண்டுதான் எவரெஸ்ட்டுக்குப் போக வேண்டும். மூட்டை முடிச்சுகளுடன் பல வாரங்கள் நடக்க வேண்டிய பிரயாணம்.

அந்தப் பிரயாணத்தில்தான் ஜார்ஜ் மாலரி என்பவர் சாமர்வெல்லின் உயிர் நண்பர் ஆனார். மாலரி பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். மலை ஏறுவதில் சூரர். இரவில் பனிக்காற்று கூடாரத்தை உலுக்கும். இருவரும் உள்ளே படுத்துக்கொண்டு ஷேக்ஸ்பியர் நாடகங்களை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவார்கள்.

மலை உச்சியில் என்ன கஷ்டம்?

மேலே போகப் போகக் காற்று மெலிந்துகொண்டே போகும். எவரெஸ்ட் உச்சியில் ஒரு மூச்சு இழுத்தால், கடற்கரையில் கிடைக்கும் பிராண வாயுவில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு, பல தடவை மூச்சு வாங்க வேண்டும். பசி எடுக்காது. தூக்கம் வராது. புத்தி மந்தமாகும். குளிரில் விரல்கள் மரத்து, கறுத்து, அழுகிவிடும்.

1922-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி சாமர்வெல், மாலரி, நார்ட்டன், மார்ஸ்ஹெட் ஆகிய நால்வரும் 23,000 அடி உயரத்தில் இருந்த முகாமில் இருந்து புறப்பட்டார்கள். 25,000 அடியில் சரிவான இடத்தில் இரண்டு சிறு கூடாரங்களைப் போட்டு இரவைக் கழித்தார்கள். அதற்கு முன் அவ்வளவு உயரத்தில் எவரும் இரவு தங்கியதில்லை.

மறுநாள் மார்ஸ்ஹெட்டால் நடக்க முடியவில்லை. மற்ற மூவரும் மேலே போனார்கள். பகல் 2 மணி தாண்டியபோது அவர்கள் நின்ற உயரம் 26,985 அடி. மனிதன் அதுவரை ஏறிய உயரங்களில் அதுவே அதிகம். அதற்கு மேலும் போனால் இருட்டுமுன் திரும்ப முடியாது என்று கண்டு, இறங்கத் தொடங்கினார்கள்.

ஒரு கயிற்றில் நாலு உயிர்

நாலு பேரும் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் பிடித்துக்கொள்வதற்காக இந்த ஏற்பாடு. ஆனால் எல்லோரும் விழுந்தால்?

அப்படித்தான் நடக்கப் பார்த்தது. களைத்துப் போயிருந்த மார்ஸ்ஹெட்டின் கால் வழுக்கியது. அவர் விழுந்த வேகத்தில் கயிறு இழுக்க, நார்ட்டனும் சாமர்வெல்லும் சறுக்கினார்கள். கீழே பல ஆயிரம் அடிப் பள்ளம்!

முன்னால் போய்க்கொண்டிருந்த மாலரி சத்தம் கேட்டதும் பனிக்கோடரியைப் பனியில் ஓங்கிக் குத்தினார். கயிற்றை அதில் சுற்றினார். கோடரி பிடித்தது. கயிறும் அறுந்து போகவில்லை. நால்வரும் பிழைத்தார்கள்.

நள்ளிரவு நெருங்கும் சமயத்தில் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே பனியை உருக்கப் பாத்திரம் இல்லை. குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. டப்பா பாலையும் ஜாமையும் பனியில் குழைத்துத் தின்றார்கள். மறுநாள் கீழ் முகாமுக்கு வந்ததும் சாமர்வெல் 17 குவளை தேநீர் குடித்தாராம்!

மார்ஸ்ஹெட் தம் விரல் நுனிகள் சிலவற்றைப் பனிக்குப் பலி கொடுத்தார்.

ஏழு பேரை விழுங்கிய பனி

இத்துடன் நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இன்னும் ஒரு முறை முயன்று பார்க்க ஆசைப்பட்டார்கள்.

ஜூன் மாதம் 7-ந் தேதி சாமர்வெல், மாலரி, கிராபோர்டு ஆகிய மூவரும் மேலே புறப்பட்டார்கள். சுமை தூக்கும் ஷெர்பாக்கள் 14 பேர் கூட வந்தார்கள். ஷெர்பாக்கள் இமயமலையில் வாழும் மக்கள். தைரியசாலிகள். வெள்ளைக்காரர்களின் கூடாரம், உணவு எல்லாவற்றையும் அவர்கள்தான் முதுகில் சுமந்தார்கள்.

சில நாட்களுக்கு முன் புதுப்பனி பெய்திருந்தது. சரிவில் அது சரியாக இறுகவில்லை. பகல் 1.30 மணி இருக்கும். வெடி வெடித்தாற்போல் ஒரு சத்தம். பனி முழுவதும் பாளமாகப் பெயர்ந்து கீழே சரிந்தது.

முன்னால் போன சாமர்வெல்லும் நண்பர்களும் சிறிது தூரம் உருண்டு, பனியைக் கிளறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். பின்னால் வந்த ஷெர்பாக்களில் ஒன்பது பேரைச் சரிவு அடித்துக்கொண்டு போய், ஒரு பனிச்சுவருக்கு அப்பால் பள்ளத்தில் தள்ளிவிட்டது.

சாமர்வெல்லும் மற்றவர்களும் பதறி ஓடினார்கள். பனியைத் தோண்டினார்கள். இருவரை உயிரோடு எடுத்தார்கள். ஏழு பேர் மாண்டு போனார்கள். இறந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்று அவர்களுடைய தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். அப்படியே செய்யப்பட்டது.

சாமர்வெல் மனம் உடைந்தார். செத்தவர்கள் அத்தனை பேரும் ஷெர்பாக்கள். வெள்ளைக்காரர் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆபத்து என்று தெரிந்தும் மேலே போக முடிவு செய்தவர்கள் நாங்கள், உயிரைக் கொடுத்தவர்கள் அவர்களா என்று அவர் வருந்தினார். எங்களில் ஒருவராவது அவர்களோடு செத்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார். பல ஆண்டுகள் கழித்துப் புத்தகம் எழுதியபோதும் அந்த வேதனையை அவர் மறைக்கவில்லை.

நெய்யூரில் கண்ட காட்சி

கோஷ்டி கலைந்தது. ஊர் திரும்புவதற்கு முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று சாமர்வெல் நினைத்தார். பல ஊர்களைப் பார்த்துக்கொண்டே தெற்குக் கோடிக்கு வந்தார்.

நாகர்கோவிலை அடுத்த நெய்யூர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தமிழும் மலையாளமும் வழங்கும் பகுதி. அங்கே லண்டன் மிஷனைச் சேர்ந்த ஓர் ஆஸ்பத்திரி உண்டு. 1838-ம் ஆண்டு தொடங்கிய வைத்தியப் பணி அது.

சாமர்வெல் அந்த ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். வாசலில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் காத்திருந்தார்கள். எல்லோரும் ஏழைகள். ரண சிகிச்சை செய்யும் டாக்டரோ ஒரே ஒருவர். டாக்டர் பியூ என்பது அவர் பெயர். ஒரு மனிதர் செய்யக்கூடிய வேலையைப்போலப் பல மடங்கு வேலை அவர் தலையில் கிடந்தது.

சாமர்வெல்லால் சும்மா நிற்க முடியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு உதவிக்கு இறங்கினார். சில நாட்கள் ஆபரேஷன் செய்தார். கூட்டம் குறையவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் சோம் நதிக்கரையில் அவர் கண்டதும் இதுதானே! பொறுமையோடு காத்துக் கிடக்கும் நோயாளிகள். கை கொடுக்கப் போதிய டாக்டர்கள் இல்லை.

லண்டனுக்குத் திரும்பினார் சாமர்வெல். படித்த ஆஸ்பத்திரியிலேயே அவருக்கு நல்ல பதவி காத்திருந்தது. குடும்பக் கம்பெனி இருந்தது. எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1923-ம் ஆண்டு நெய்யூருக்கு வந்து வேலையை ஒப்புக்கொண்டார்.

மறுபடியும் மலை

அடுத்த ஆண்டே எவரெஸ்ட்டுக்கு மறுபடியும் ஒரு கோஷ்டி புறப்பட்டது. சாமர்வெல்லுக்கும் அழைப்பு வந்தது. நெய்யூரில் இருந்து நேராக இமயமலைக்குப் போனார். மாலரியும் வந்தார். நார்ட்டனும் வந்தார். ஜெனரல் புரூஸ் வழியிலேயே மலேரியாக் காய்ச்சலில் படுத்துவிட, நார்ட்டன் தலைவர் ஆனார்.

இந்த முறை மலை மிகவும் கடுமையாக இருந்தது. மே மாதம் பிற்பகுதியில் பனிப்புயல் வீசியது. 23,000 அடி உயர முகாமில் நாலு ஷெர்பாக்கள் தனியே அகப்பட்டுக்கொண்டார்கள். இறங்கி வர அவர்களுக்குத் தைரியம் இல்லை. அப்படியே விட்டால் மரணம் நிச்சயம்.

நார்ட்டன், மாலரி, சாமர்வெல் மூவருக்கும் உடம்பு சரியில்லை. எல்லோருக்கும் இருமல். இருந்தாலும் உச்சியைப் பிடிக்கும் யோசனையை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த நாலு பேரையும் மீட்கப் புறப்பட்டார்கள்.

கடைசிச் சரிவு மிகவும் அபாயமானது. சாமர்வெல் முன்னால் போனார். இடுப்பில் கட்டிய கயிற்றை நார்ட்டனும் மாலரியும் பிடித்துக்கொண்டார்கள். ஷெர்பாக்கள் நின்ற இடத்துக்குச் சில கஜ தூரம் இருக்கும்போது கயிறு தீர்ந்துவிட்டது.

முதல் இருவர் மெல்ல நடந்து சாமர்வெல்லிடம் வந்தார்கள். அடுத்த இருவரும் ஒரே சமயத்தில் கிளம்பியதால் பனி நெகிழ்ந்தது. இருவரும் சறுக்கிப் போய், பள்ளத்தின் விளிம்புக்கு மேலே தடுக்கி நின்றார்கள். அசைந்தால் போச்சு!

சாமர்வெல் பனிக்கோடரியைக் குத்தி நிறுத்தினார். தம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, அந்தக் கோடரியைச் சுற்றிப் போட்டார். கயிற்றின் நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உடம்பை நீட்டி, மற்றக் கையால் ஒவ்வொருவராகச் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தார். நாலு பேரும் உயிர் தப்பினார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏழு பேரைப் பறி கொடுத்த அதே பனிமலையில், இந்த நாலு பேரையும் அவர் விட்டுக் கொடுக்கவில்லை.

28,000 அடி

ஜூன் மாதம் 3-ந் தேதி நர்பு இஷே, லாக்பா செடி, செம்சும்பி என்ற மூன்று ஷெர்பாக்கள் 26,800 அடிக்குக் கூடாரத்தைச் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அங்கே நார்ட்டனும் சாமர்வெல்லும் தங்கினார்கள்.

மறுநாள் காலையில் இருவரும் புறப்பட்டார்கள். பிராண வாயுக் குழாய் ஒன்றும் அவர்களிடம் இல்லை. வானம் தெளிவாக இருந்தது. உச்சி கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் சாமர்வெல்லின் தொண்டை புண்ணாகி இருந்தது. பல நாட்களாக வறண்ட குளிர்காற்றை வாயால் இழுத்து இழுத்துத் தொண்டையின் உட்புறம் வெந்து போனது போல் ஆகிவிட்டது. இருமல் நிற்கவில்லை.

நண்பகல் வேளை. சுமார் 28,000 அடி உயரம். இனி ஓர் அடியும் முடியாது என்று சாமர்வெல் உட்கார்ந்துவிட்டார். தம்மால் நண்பர் தாமதப்படக் கூடாது. நார்ட்டனைத் தனியே போகச் சொல்லிவிட்டார். அவர் போவதைத் தம் காமிராவில் படம் பிடித்தார்.

நார்ட்டன் 28,126 அடி வரை போய்த் திரும்பினார். பிராண வாயுக் குழாய் இல்லாமல் அதற்கு மேல் ஏற 1978-ம் ஆண்டு வரை எவராலும் முடியவில்லை.

மூச்சு நின்றது

இருவரும் இறங்கினார்கள். சாமர்வெல்லின் பனிக்கோடரி கை நழுவி மலையில் விழுந்து மறைந்தது. மாலை மங்கியது. நார்ட்டன் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

திடீரென்று சாமர்வெல்லின் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கூப்பிடக் குரல் எழும்பவில்லை. நார்ட்டன் திரும்பிப் பார்த்தார். ஆனால் நண்பர் வழக்கம்போல் அஸ்தமனக் காட்சியைப் படம் வரைய உட்கார்ந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டு நடந்துவிட்டார்.

சாமர்வெல் டாக்டர் அல்லவா? தம் உயிர் போகிறது என்பது அவருக்கே தெரிந்தது. பனியில் உட்கார்ந்து மரணத்தை எதிர்பார்த்தார்.

கடைசி முயற்சியாக இரண்டு கைகளாலும் மார்பைப் பலம்கொண்ட மட்டும் அழுத்தினார். அடைத்திருந்தது பிய்த்துக்கொண்டு வந்து வாய் வழியே விழுந்தது. கூடவே ரத்தமும் வந்தது. குளிரில் செத்துப்போன தொண்டையின் உட்தோல்தான் அது!

வலி பொறுக்க முடியவில்லை. ஆனால் மூச்சு வந்துவிட்டது. எத்தனையோ நாளாகக் கிடைக்காத நல்ல மூச்சு. எழுந்து நடந்து நண்பரைப் போய்ப் பிடித்தார்.

திரும்பி வராத நண்பர்

அடுத்து மாலரியின் முறை. இர்வின் என்ற 22 வயது இளைஞரோடு அவர் புறப்பட்டார். தம் காமிராவை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார். சாமர்வெல் தம்முடைய சிறிய காமிராவை அவருக்குக் கொடுத்தார். நண்பருக்கு அவர் கொடுத்த கடைசிப் பொருள் அது.

ஜூன் மாதம் 8-ந் தேதி பகலில் மேகம் சற்று விலகியபோது, ஓடெல் என்ற தோழர் இரண்டு உருவங்கள் மேலே போவதைப் பார்த்தார். மறுபடியும் மேகம் மூடியது. மாலரியும் இர்வினும் திரும்பி வரவே இல்லை.

மலையடிவார முகாமில் கற்களை அடுக்கி ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அந்த வேலையை முன்னின்று செய்தவர்களில் சாமர்வெல் ஒருவர். 1921-ம் ஆண்டில் இருந்து எவரெஸ்ட் பிரயாணங்களில் உயிர் நீத்த 12 பேரின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டன. மாலரியின் பெயர் இருந்த அதே சின்னத்தில், பனியில் மாண்ட ஏழு ஷெர்பாக்களின் பெயர்களும் இருந்தன.

மாலரியின் உடல் 75 ஆண்டுகள் கழித்து, 1999-ம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டது. 2024-ம் ஆண்டு இர்வினுடைய பூட்சும் காலும் கிடைத்தன. இரண்டு இடத்திலும் சாமர்வெல்லின் காமிரா அகப்படவில்லை. நண்பர்கள் உச்சியைத் தொட்டார்களா என்ற கேள்விக்கு அந்தக் காமிராவில் பதில் இருந்திருக்கக்கூடும்.

மீண்டும் நெய்யூர்

சாமர்வெல் நெய்யூருக்குத் திரும்பினார். 1925-ம் ஆண்டு மார்கரெட் என்ற அம்மையாரை மணந்தார். மூன்று ஆண் குழந்தைகள் பிறந்தார்கள்.

நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் பல ஊர்களில் கிளைகள் இருந்தன. அங்கெல்லாம் போய் ஆபரேஷன் செய்வார். அந்தப் பகுதியில் குடல் புண் என்ற நோய் மிக அதிகம். சாப்பிட்டாலும் வலி, சாப்பிடாவிட்டாலும் வலி. உழைத்துப் பிழைக்கும் ஜனங்கள் வேலைக்குப் போக முடியாமல் துடித்தார்கள்.

பெரும்பாலான குடல் புண்ணுக்கு ஒரு கிருமிதான் காரணம் என்று 1980-களில் தெரிய வந்தது. இப்போது மாத்திரையாலேயே குணப்படுத்துகிறார்கள். அந்தக் காலத்தில் அது தெரியாது. முற்றிய நோய்க்கு ஆபரேஷன்தான் வழி. இரைப்பையைச் சிறுகுடலோடு புது வழியில் இணைத்துத் தைக்கும் ஆபரேஷனை சாமர்வெல் ஏராளமான பேருக்குச் செய்தார். அந்த வேலையில் அவருடைய பெயர் வெளிநாடுகளிலும் பரவியது.

வாயில் வரும் புற்றுநோய்க்கும் நெய்யூரில் ரேடியம் சிகிச்சை அளிக்கப்பட்டது. வெற்றிலை பாக்குடன் புகையிலையை அடக்கிக்கொள்ளும் பழக்கத்துக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி, அவரோடு வேலை செய்த டாக்டர் இயன் ஆர் 1933-ம் ஆண்டு லண்டன் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். புகையிலை ஆகாது என்று இன்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்களே, அதற்கு ஆதாரமான ஆராய்ச்சிகளில் ஒன்று இந்த நெய்யூர் ஆராய்ச்சி.

பதக்கங்கள்

1922-ம் ஆண்டு எவரெஸ்ட் கோஷ்டிக்கு, 1924-ம் ஆண்டு பிரான்சில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் விழாவில் பதக்கம் வழங்கப்பட்டது. சாமர்வெல்லுக்கும் ஒன்று கிடைத்தது. மாண்ட ஏழு ஷெர்பாக்களும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

1938-ம் ஆண்டு அரசாங்கம் அவருடைய வைத்தியத் தொண்டுக்காகக் கைசர்-இ-ஹிந்து பதக்கம் கொடுத்தது.

வேலைக்கு நடுவிலும் அவர் படம் வரைவதை விடவில்லை. இமயமலையையும் திபெத்தையும் நூற்றுக்கணக்கான ஓவியங்களில் தீட்டினார். திபெத்தில் கேட்ட பாடல்களை இசைக் குறிப்பாகவும் எழுதி வைத்தார்.

1949-ம் ஆண்டு வரை நெய்யூரில் பணி செய்தார். அந்த வயதில் பலர் ஓய்வு எடுப்பார்கள். அவரோ வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்குப் போய், இளம் டாக்டர்களுக்கு ரண சிகிச்சை கற்றுக் கொடுத்தார். 1961-ம் ஆண்டு வரை அங்கே இருந்தார். ஏறக்குறைய 40 ஆண்டுகள் அவர் தென்னாட்டு மக்களுக்கு உழைத்திருக்கிறார்.

மலை அடிவாரத்தில் முடிவு

71-வது வயதில் இங்கிலாந்துக்குத் திரும்பினார். மலை ஏறுவோரின் பழம்பெரும் சங்கமான ஆல்பைன் கிளப் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. சிறு வயதில் ஏறி விளையாடிய மலைகளின் அருகே ஆம்பிள்சைடு என்ற ஊரில் வாழ்ந்து, 1975-ம் ஆண்டு ஜனவரி மாதம் 23-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 84.

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கு டாக்டர் சாமர்வெல்லின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

எவரெஸ்ட் உச்சிக்குச் சுமார் 1,000 அடி கீழே நின்றுவிட்டவர் அவர். உச்சியைத் தொட்டவர்களின் பட்டியலில் அவருடைய பெயர் இல்லை. ஆனால் பனிச்சரிவின் விளிம்பில் அவர் கை கொடுத்துத் தூக்கிய நாலு பேரும் தங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். நெய்யூரில் அவர் கையால் பிழைத்து வீட்டுக்குத் திரும்பிப் போனவர்களுக்கோ கணக்கே இல்லை.